கூகுளுக்கு மாதச் சந்தா கிடையாது

"உங்கள் வியாபாரத்தைக் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம். முப்பதே நாள். உத்தரவாதம்!"

இந்த வாசகம் வாரத்துக்கு ஒருமுறையாவது புலனத்தில் எனக்கு வந்து விழுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு ராக்கெட் படம், ஒரு தொலைபேசி எண், 'இந்தச் சலுகை இன்று மட்டும்' என்ற அவசரம். போன வாரமும் அதே 'இன்று மட்டும்'தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கூகுள் நிறுவனமே இணையத்தள உரிமையாளர்களுக்காக வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில், முதல் இடத்தை எவராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று எழுதி வைத்திருக்கிறது. வழக்கமான தேடல் முடிவுகளில் இடம்பெற ஒரு காசுகூடக் கட்ட வேண்டியதில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. விளம்பரமாக மேலே வருகிறவை தனிக் கணக்கு, அவற்றுக்குத்தான் பணம். மற்றவற்றுக்கு வேண்டியது கொஞ்சம் பொறுமையும் சில இலவசக் கருவிகளும். அந்தக் கருவிகள் இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாததால்தான் அந்த ராக்கெட் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

வானொலியில் சிறுதொழில் செய்பவர்களோடு உரையாடும் ஓர் அங்கத்தை நடத்துகிறேன். விளம்பரம் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டு அழைப்பவர்கள் நிறைய. அப்படி அழைத்தவர்தான் கிள்ளானில் வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து விற்கும் ஓர் அக்கா. கணவர் லோரி ஓட்டியவர். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குப் போவதில்லை. இரண்டு பிள்ளைகள். வீடு ஓடுவது அந்த எண்ணெய்ச் சட்டியை நம்பித்தான்.

"வெப்சைட் செய்ய மூவாயிரம் வெள்ளி குடுத்தேன் தம்பி. அப்புறம் மாசம் அறுநூறு, கூகுள்ல மேல வர்றதுக்கு. பத்து மாசமா கட்டுறேன். ஆனா ஆர்டர் எல்லாம் பழைய ஆளுங்ககிட்டேர்ந்துதான் வருது" என்றார்.

அந்த நிறுவனம் அனுப்பிய ரசீதுகளை வாங்கிப் பார்த்தேன். '500 தேடுபொறிகளில் பதிவு' என்று ஒரு வரி. 'மெட்டா கீவர்ட்ஸ் 40' என்று இன்னொன்று. கிள்ளானில் முறுக்கு தேடுகிற மனிதர்கள் பயன்படுத்தும் தேடுபொறிகளை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். மீதியெல்லாம் எந்த ஊரில் இருக்கின்றனவோ! மெட்டா கீவர்ட்ஸ் என்பது பக்கத்தின் பின்னால் மறைவாக எழுதப்படும் சொற்பட்டியல். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதற்குத்தான் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் தளம் கூகுளின் கண்ணில் பட்டிருக்கிறதா?

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், கைப்பேசி போதும். கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் இணையத்தள முகவரியை எழுதுங்கள். உங்கள் தளத்தில் எந்தெந்தப் பக்கங்கள் கூகுளிடம் இருக்கின்றன என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

அக்காவின் முகவரியைத் தட்டினோம். வந்தது ஒரே ஒரு பக்கம், முகப்பு மட்டும். விலைப்பட்டியல், தீபாவளிப் பொட்டலங்கள், ஆர்டர் கொடுக்கும் பக்கம் எதுவுமே இல்லை. பத்து மாதமாகக் கடை திறந்திருக்கிறது, பெயர்ப்பலகைக்கு மட்டும் விளக்கு எரிகிறது, கதவு பூட்டியிருக்கிறது.

காரணம் என்ன என்பதைச் சொல்லும் கருவிதான் கூகுள் சர்ச் கன்சோல். 2005இல் 'சைட்மேப்ஸ்' என்ற பெயரில் தொடங்கி, மறு ஆண்டு 'வெப்மாஸ்டர் டூல்ஸ்' ஆகி, 2015இலிருந்து இன்றைய பெயரில் இருக்கிறது. முழுக்க இலவசம். ஆனால் தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். கூகுள் ஒரு சின்ன வரியையோ கோப்பையோ தரும். அதை உங்கள் தளத்தில் வைக்க வேண்டும். வீட்டுச் சாவியைக் காட்டச் சொல்வது போலத்தான்.

அக்காவிடம் சாவி இல்லை. தளத்தின் கடவுச்சொல் அந்த நிறுவனத்திடம் இருந்தது. முகவரியே அவர்களுடைய மின்னஞ்சலில்தான் பதிவாகியிருந்தது. கேட்டால் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில். மூன்று வாரம், எத்தனையோ அழைப்பு, கடைசியில் அக்காவின் கணவர் நேரில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது. தளம் செய்யக் கொடுக்கும் யாருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்: முதல் தவணைப் பணம் கொடுக்கும் முன்பே, முகவரி யார் பெயரில் பதிவாகிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறம், படம், எழுத்து வடிவம் எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். கைமாறிய முகவரியை மீட்பது லேசுப்பட்ட காரியமில்லை.

சர்ச் கன்சோலைத் திறந்ததும் விடை ஒரே திரையில் இருந்தது. உள்பக்கங்களில் 'நோ இண்டெக்ஸ்' என்ற குறிப்பு. 'இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் கட்டளை அது. தளத்தைக் கட்டும்போது, அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகப் போடுவார்கள். வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். இங்கே எடுக்கவில்லை. டிப்ளோமா படிக்கும் மகன் ஐந்து நிமிடத்தில் அதை நீக்கினான். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் கருவியில் இட்டு, 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோளை அனுப்பினான். சில நாட்களில் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கின.

ஒரு 'கே'யா, இரண்டு 'கே'யா?

ஊடகத்துறை மாணவனாக இருந்தபோது, நேயர் யார் என்று தெரிந்துகொள்ள ஆய்வுப் படிவம், நேர்காணல், குழு உரையாடல் என்று பலவற்றைப் படித்தோம். சர்ச் கன்சோலின் செயல்திறன் பக்கத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்தப் பாடங்கள்தான் நினைவுக்கு வந்தன. என்ன சொற்களைத் தட்டியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது – எல்லாம் அங்கே இருக்கிறது. பதினாறு மாதக் கணக்கைத் திரும்பிப் பார்க்கலாம். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனிமனித அந்தரங்கம் கருதிக் கூகுள் மறைத்துவிடும். மற்றபடி இது வாடிக்கையாளரின் மனதிலிருந்து நேராக வந்த சொற்கள். யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம்.

அக்காவின் தளத்தில் 'பாரம்பரிய இனிப்பு, காரவகைகள்' என்று அழகான தமிழிலும், 'டிரெடிஷனல் இந்தியன் டெலிகசீஸ்' என்று மிடுக்கான ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அந்தச் சொற்களைத் தட்டிய ஒருவரைக்கூடக் காணவில்லை. மக்கள் தேடியது முறுக்கு. அதையும் ரோமன் எழுத்தில்தான் தட்டினார்கள், ஆளுக்கொரு விதமாக. நம்மவர்கள் இரண்டு 'கே' போடுகிறார்கள். மலாயில் புழங்கும் எழுத்துக்கூட்டலில் ஒரே 'கே'. சிலர் 'மு' என்பதை 'ம' ஆக்கி 'மருக்கு' என்று தட்டுகிறார்கள். கூடவே 'கிள்ளான்', 'ஷா ஆலம்', 'வீட்டில் செய்தது', 'கிலோ எவ்வளவு'.

நோன்பு மாதம் நெருங்கியபோது இன்னொரு கதவு திறந்தது. 'தெம்பாஹான் முருக்கு', 'முருக்கு ராயா' என்று மலாயில் தேடியவர்கள் பட்டியலில் வரத் தொடங்கினார்கள். நோன்புப் பெருநாள் மேசையில் முறுக்குப் போத்தல் இருப்பது நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த காட்சிதான். ஆனாலும் முறுக்கைத் தீபாவளிப் பலகாரமாகவே நினைத்திருந்த அக்கா, அந்த வாடிக்கையாளருக்காக ஒரு வரி மலாய்கூட எழுதியிருக்கவில்லை. இப்போது ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. மலாயை மகள் திருத்திக்கொடுத்தாள். என்ன எண்ணெய், என்ன மாவு, எத்தனை நாள் கெடாது, எங்கே வந்து எடுக்கலாம் என்று வாங்குபவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலாகவே அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. தேடுபொறிக்கும் அதுதான் பிடிக்கிறது. ஒரே சொல்லை நாற்பது முறை அடுக்கி எழுதினால் மேலே வரலாம் என்பது பழைய காலத்துத் தந்திரம். இப்போது அது குப்பைப் பட்டியலில் சேர்க்கத்தான் உதவும்.

'காட்டப்பட்டது நிறைய, உள்ளே வந்தது குறைவு' என்று இருக்கும் வரிகளைத் தனியாகக் கவனியுங்கள். ஆள் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறார் என்று பொருள். அக்காவின் முகப்புப் பக்கத் தலைப்பு, நிறுவனத்தின் பதிவுப் பெயரும் பக்கத்தில் 'ஹோம்' என்ற சொல்லும். முறுக்கு விற்கும் இடம் என்று யாருக்குத் தெரியும்? 'வீட்டு முறுக்கு, கிள்ளான்' என்று மாற்றினோம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் கைப்பேசியில் நீங்களே தேடிப் பார்த்து 'முதலாவதாக வருகிறேன்' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். தேடுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து முடிவு மாறும். கிள்ளானில் நின்று தேடினால் கிள்ளான் கடை மேலே வரும். காஜாங்கில் இருப்பவருக்கு வேறு வரிசை. சராசரி இடத்தைக் கருவியில் பார்ப்பதே சரி.

சுவரொட்டிக்குள் சிக்கிய தமிழ்

நம் சங்கங்கள், கோயில்கள், நடனப் பள்ளிகளின் இணையத்தளங்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். நிகழ்ச்சி எங்கே, எப்போது, கட்டணம் எவ்வளவு எல்லாமே ஒரு வண்ணச் சுவரொட்டிக்குள் படமாக இருக்கும். பக்கத்தில் எழுத்தாக ஒரு வரி இருக்காது. கண் உள்ளவருக்கு அது அழைப்பிதழ். தேடுபொறிக்கு அது ஒரு படம், அவ்வளவுதான். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் திறன் கணினிக்கு இப்போது வந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் முக்கியமான செய்தியைப் படத்துக்குள் பூட்டி வைக்காதீர்கள் என்றுதான் கூகுளின் வழிகாட்டி சொல்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோலோடு நடந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிற வட்டாரம் அது. பார்வையற்றவர் இணையத்தைப் படிப்பது திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் மூலம். படம் வந்தால், அந்தப் படத்துக்குப் பின்னால் 'மாற்று உரை' என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அதை வாசிக்கும். இல்லையென்றால் அங்கே ஒரு படம் இருக்கிறது என்பதைத் தாண்டி அதனால் எதுவும் சொல்ல முடியாது. தேடுபொறியும் படத்தைப் புரிந்துகொள்ள அதே மாற்று உரையைத்தான் பார்க்கிறது. ஆக, பார்வையற்ற ஒருவருக்கு விளங்கும்படி உங்கள் பக்கத்தை எழுதினால் கூகுளுக்கும் விளங்கும். எங்கள் தொழிலிலும் இதேதான். ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்துகொண்டு படத்தைக் காட்ட முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

தமிழுக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு நாடு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால் கணினி உள்ளே சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருக்கும் கணினியில் அம்மா தெரிவாள். தேடுபொறிக்கு அவள் யாரென்றே தெரியாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியபோது, 'திஸ்கி' குறியீட்டிலும் பிறகு ஒருங்குறியிலும் என்று பாதை மாறி வர வேண்டியிருந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தக் குறியீட்டுச் சிக்கல்கள் நன்றாக நினைவிருக்கும். இன்று ஒருங்குறித் தமிழை எந்தக் கைப்பேசியிலும் தட்டலாம், எந்தத் தேடுபொறியும் படிக்கும். இவ்வளவு பேர் பாடுபட்டு எழுத்தைத் தேடக்கூடியதாக ஆக்கித் தந்த பிறகு, நாம் அதை மறுபடி சுவரொட்டிப் படத்துக்குள் அடைக்கிறோம். புலனக் குழுவுக்குள் போடுவதும் அப்படித்தான். எந்தத் தேடுபொறியும் அங்கே நுழையாது. அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அறிவிப்பு காணாமல் போய்விடும்.

தமிழில் எழுதினால் யார் தேடப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே பெரும்பாலோர் ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். தமிழ் எழுத்தில் தேடுபவருக்குப் போட்டிப் பக்கங்கள் குறைவு; நீங்கள் எழுதியிருந்தால் சுலபமாகக் கிடைப்பீர்கள்.

எந்த லிட்டில் இந்தியா?

பிரிக்பீல்ட்ஸில் மேல்மாடியில் சேலை ரவிக்கை தைக்கும் ஒரு தோழி இருக்கிறார். கீழே தெருவிலிருந்து பார்த்தால் கடை இருப்பதே தெரியாது. அவரிடம் இணையத்தளம் கிடையாது. வந்து சேர்கிற புது முகங்களில் பாதிப் பேர் கூகுள் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுகிறார்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பதிவு செய்யும் வேலை இது. 2014இல் 'மை பிசினஸ்' என்று வந்தது, 2021இல் பெயர் மாறியது.

தோழியின் பதிவில் இரண்டு சிக்கல். வரைபடப் புள்ளி சாலையின் எதிர்ப்பக்கத்தில் குத்தப்பட்டிருந்தது. பதிவின் வகை 'துணிக்கடை' என்று இருந்தது, 'தையல்காரர்' என்று இல்லை. உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்தக் கூகுள் பார்ப்பது மூன்று: தேடலுக்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம். தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தத்தை மாற்றலாம், வகையைத் திருத்தியதே பாதி வேலை.

இடத்தின் பெயரும் முக்கியம். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தபோது பிரிக்பீல்ட்ஸ் அதிகாரப்பூர்வமாக லிட்டில் இந்தியா ஆனது. கிள்ளானின் தெங்கு கிளானா சாலையையும் ஊரார் லிட்டில் இந்தியா என்றுதான் சொல்கிறார்கள். வெளியூர்க்காரர் 'லிட்டில் இந்தியா' என்று மட்டும் தட்டுவார். 'லிட்டில் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல் அருகில்' என்று மூன்றையும் எழுத்தில் வையுங்கள். பண்டிகை நாள் நேரத்தையும் மாற்றுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் 'திறந்திருக்கிறது' என்பதை நம்பி வந்து, பூட்டிய கதவைப் பார்த்தவர் எழுதும் மதிப்புரையை அழிக்க முடியாது. சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் வேண்டாம். அது கூகுளின் விதிக்கு முரண், படிப்பவர்களுக்கும் ஒரே நாளில் பத்துப் புகழுரை வந்தால் புரியும்.

வீட்டிலிருந்து சமைத்து விற்கும் பெண்களுக்கு இதில் தயக்கம் இருக்கிறது. வீட்டு முகவரி ஊருக்கே தெரிந்துவிடுமே! முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த வட்டாரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்பதை மட்டும் காட்டும் வசதி அந்தப் பதிவிலேயே இருக்கிறது. கிள்ளான் அக்கா அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவோடு இலவசமாக ஓர் இணையத்தளமும் கூகுள் தந்துகொண்டிருந்தது. 2024 மார்ச் மாதம் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. அதை நம்பித் தனி முகவரி வாங்காமல் இருந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. இலவசக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குடியிருக்கும் வீடு மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

மைக்ரோசாஃப்டின் பிங்குக்கும் இதே போன்ற கருவி உண்டு. சர்ச் கன்சோல் இருந்தால் விவரங்களை அப்படியே இறக்கிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை.

கூகுள் டிரெண்ட்ஸ் இன்னொரு நல்ல துணை. 2004இலிருந்து எந்தச் சொல்லின் தேடல் எப்போது ஏறியது, இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். நாட்டை மலேசியா என்று மாற்ற மறக்காதீர்கள். இந்தியாவில் 'தீவாளி' என்ற வட இந்திய உச்சரிப்பு ஓங்கி நிற்கும், நமக்கு 'தீபாவளி'தான். வரைபடத்தில் வரும் 100 என்பது தேடிய ஆட்களின் எண்ணிக்கை கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் உச்சம் தொட்ட இடம்தான் 100, மற்றவை அதோடு ஒப்பிட்டவை. பண்டிகைக்கு எத்தனை வாரம் முன்பு கோடு நிமிர்கிறது என்று பாருங்கள். பக்கத்தைத் தேடுபொறி கண்டுகொள்ளவும் நாள் எடுக்கும் என்பதால், அதற்கும் முன்பே பலகாரப் பக்கம் தயாராக இருக்க வேண்டும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஏற்றினால், பொங்கலுக்குத்தான் உதவும்!

கிள்ளான் அக்கா மாதம் அறுநூறு வெள்ளி கட்டுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரவு, சட்டி கழுவிய பிறகு, மகனோடு அரைமணி நேரம் சர்ச் கன்சோலைப் பார்க்கிறார். புதுச் சொல் ஏதாவது வந்தால் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறார். போன முறை பேசியபோது, "முள்ளு முறுக்குன்னு தட்டியிருக்காங்க தம்பி. என் அம்மா செய்வாங்க, நான் விட்டுப் பல வருஷம் ஆச்சு" என்றார். அச்சு யாரிடமாவது கிடைக்குமா என்று தெங்கு கிளானா சாலைப் பாத்திரக் கடைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.